ஓவனில் மக்ரோனி, திரையில் ஜெசிக்கா: ஞாயிறு மாலைக்கு ஒரு கேசரோல் சொல்லுங்கள்

தட்டச்சுஒலி:

வணக்கம் நண்பர்களே. அம்மாவுக்கு இரண்டு பல் எடுத்துப் பத்து நாள் ஆகிறது. மென்மையான சாப்பாடு, அதுவும் கொதிக்கக் கொதிக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மிக்ஸியில் அரைத்ததையே குடித்துக் குடித்து அம்மாவுக்கு வெறுத்துவிட்டது. "கரண்டியில் அள்ளிச் சாப்பிடுவதுபோல் ஏதாவது செய்" என்கிறார்.

அப்போதுதான் கேசரோல் ஞாபகம் வந்தது. பாத்திரத்துக்கும் அந்தப் பெயர்தான், அதில் வேகும் உணவுக்கும் அந்தப் பெயர்தான். நான் கேட்பது உணவை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு ஓவனில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. நாங்கள் சைவம். முட்டையும் சேர்ப்பதில்லை.

இன்னொரு விஷயம். ஞாயிறு மாலை அம்மாவும் நானும் பழைய 'மர்டர், ஷீ ரோட்' தொடரை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். அம்மா ஆங்கிலம் பழகியதே அந்தத் தொடரைப் பார்த்துத்தான். தொடரின் நாயகி ஜெசிக்கா ஃபிளெட்சர், துப்பறியும் கதை எழுத வருவதற்கு முன் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். அதனால் அம்மாவுக்கு அவர் எப்போதும் 'டீச்சர்'தான். "டீச்சர் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் துடைத்து மாட்டுவார்.

அந்த நேரத்துக்குப் பொருந்தும் கேசரோல் வேண்டும். தொடரைப் பார்க்க விடாமல் என்னை அடுப்படியிலேயே நிறுத்தி வைக்கக் கூடாது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

காளான்குடை:

தோழி, அம்மா சீக்கிரம் தேறட்டும்.

எளிமை என்றால் பச்சை பீன்ஸ் கேசரோல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. 1955-இல் அமெரிக்காவின் கேம்பெல் சூப் நிறுவனத்தின் சமையற்கூடத்தில் டோர்கஸ் ரெய்லி என்பவர் உருவாக்கியது. பீன்ஸ், காளான் சூப், பால், சோயா சாஸ், மிளகு, பொரித்த வெங்காயம் என்று மொத்தம் ஆறே பொருள். வீட்டில் எப்போதும் இருப்பதை வைத்து ஒரு பெண் சட்டென்று செய்ய முடிய வேண்டும் என்பதுதான் அங்கே நோக்கம். அந்தச் செய்முறை அட்டையை 2002-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் அரங்கத்துக்கே கொடுத்தார்கள். ஒரு சமையல் குறிப்புக்கு இவ்வளவு மரியாதையா என்று படித்தபோது மனம் நிறைந்துபோனது.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு இது வேண்டாம். பீன்ஸில் நார் இருக்கும், மேலே போடும் பொரித்த வெங்காயம் ஈறில் குத்தும். டப்பா சூப்பில் உப்பும் தூக்கலாக இருக்கும். முறையை மட்டும் எடுத்துக்கொண்டு மக்ரோனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அளவு தெரிந்தவர்கள் வருவார்கள்.

வெண்ணெய்க்கட்டி:

வந்தேன். மக்ரோனி, பிராக்கோலி, காளான் கேசரோல். பதினைந்து வருடமாகச் செய்கிறேன், நான்கு பேருக்கான அளவு தருகிறேன்.

மக்ரோனி 250 கிராம். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னதாகவே வடித்துவிடுங்கள். மீதியை சாஸிலேயே வெந்துகொள்ளும். முழுக்க வேகவைத்துவிட்டு ஓவனிலும் வைத்தால் களியாகிவிடும். (அம்மாவுக்கு மென்மையாக வேண்டும் என்பதால் ஒரு நிமிடம் முன்னால் வடித்தால் போதும்.)

ஒயிட் சாஸுக்கு வெண்ணெய் 40 கிராம், மைதா 40 கிராம், பால் 600 மில்லி. வெண்ணெய் உருகியதும் மைதாவைப் போட்டு, சிறு தீயில் ஒன்றிரண்டு நிமிடம், பச்சை வாடை போகும்வரை கிளறுங்கள். நிறம் மாற விட வேண்டாம். பிறகு பாலை ஒரே தடவையில் கொட்டாமல், முதலில் ஒரு கரண்டி ஊற்றிக் கெட்டியாகக் கலந்து, அப்புறம் இன்னொரு கரண்டி, அப்படியே போக வேண்டும். கட்டி தட்டாமல் வருவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். கொதி வந்து, கரண்டியின் பின்புறத்தில் படிந்து நிற்கும் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகுதான் சீஸ். துருவிய செடார் 200 கிராம். கொதிக்கும் சாஸில் சீஸைப் போட்டால் எண்ணெய் பிரிந்து மணல் மணலாகிவிடும். கால் தேக்கரண்டி கடுகுத் தூள், ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள், மிளகு. கடுகுத் தூள் காரத்துக்காக இல்லை. சீஸின் சுவையை எடுத்துக்கொடுக்கும்.

சீஸைக் கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். துருவியே விற்கும் சீஸ் ஒட்டிக்கொள்ளாமலிருக்க மாவுச்சத்துத் தூள் தூவியிருப்பார்கள். அது சாஸை வழவழப்பாக உருக விடாது.

காளான் 200 கிராம். தனியாக வாணலியில் நல்ல சூட்டில், காளானிலிருந்து ஊறும் தண்ணீர் முழுக்க வற்றும்வரை வதக்குங்கள். பச்சையாகப் போட்டால் அந்தத் தண்ணீரெல்லாம் கேசரோலின் அடியில் தேங்கும். பிராக்கோலி 300 கிராம், சின்னச் சின்னப் பூக்களாக. மக்ரோனியை வடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பு அதே கொதிநீரில் போட்டுவிட்டால் தனிப் பாத்திரம் மிச்சம்.

எல்லாவற்றையும் கலந்து தட்டில் பரப்பி, மேலே 50 கிராம் பிரட் தூளை ஒரு மேசைக்கரண்டி உருகிய வெண்ணெயில் பிசறித் தூவி, 190 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம். ஓரங்களில் குமிழி வர வேண்டும். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் தொடாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் சாஸ் இறுகும்.

சைவம் என்றீர்களே, ஒரு எச்சரிக்கை. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸை மேலே தூவச் சொல்லி நிறையக் குறிப்புகளில் இருக்கும். அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறையவைக்கப்படுவது. விதிமுறையே அப்படித்தான். செடாரிலும் இரண்டு வகையும் உண்டு. சைவ ரென்னெட் அல்லது நுண்ணுயிர் ரென்னெட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வோர்செஸ்டர்ஷயர் சாஸ் சேர்க்கச் சொன்னாலும் விட்டுவிடுங்கள். வழக்கமான வகையில் நெத்திலி மீன் இருக்கும்.

தட்டச்சுஒலி:

வெண்ணெய்க்கட்டி, கோடி நன்றி. ரென்னெட் விஷயம் இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. இன்றே குளிர்பெட்டியிலிருக்கும் சீஸின் அட்டையைப் படித்துப் பார்த்தேன். நல்லவேளை, நுண்ணுயிர் ரென்னெட்தான்.

நீங்கள் சொன்ன நேரத்தைப் பார்த்ததும் ஒரு கணக்கு தோன்றியது. விளம்பரம் இல்லாமல் பார்த்தால் ஒரு எபிசோட் ஏறத்தாழ 48 நிமிடம். ஓவனில் 30, ஆற 10, ஆக 40. ஜெசிக்கா தட்டச்சுப் பொறியில் டக டகவென்று அடிக்கும் முகப்பு ஓடும்போது தட்டை உள்ளே தள்ளிவிட்டால், அவர் குற்றவாளியை மடக்கும்போது கேசரோல் மேசையில் ஆறிக்கொண்டிருக்கும். கடைசியில் அவர் சிரிக்க, படம் அப்படியே உறைந்து நிற்குமே, அப்போது பரிமாறலாம். சரியாக வருமா?

மழைக்கோட்டு:

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. நீங்கள் சொல்லும் ஏற்பாட்டில் எபிசோட் முடியும்போதுதான் சாப்பாடு தயாராகும். அப்படியானால் சாப்பிடும்போது என்ன பார்ப்பீர்கள்?

நான் 'கொலம்போ' என்ற துப்பறியும் தொடரின் ஆள். அதில் கொலை செய்தவர் யார் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். எப்படி மாட்டுகிறார் என்பது மட்டும்தான் கதை. கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபால்க் கசங்கிய மழைக்கோட்டோடு வாசல்வரை போய், திரும்பி வந்து, "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்பாரே, அதற்காகவே முழுக் கதையையும் பார்க்கலாம். தட்டைக் குனிந்து பார்த்தாலும் தடயம் எதுவும் தவறாது. துப்பறியும் தொடரை முதல் தடவை பார்க்கும்போது கையில் தட்டு இருந்தால் ஒன்று கதை போகும், இல்லை சாப்பாடு ஆறும். கேசரோலுக்குக் கொலம்போதான் பொருத்தம் என்பேன். எபிசோட் ஒரு மணி நேரத்துக்கும் மேல். செய்யவும் சாப்பிடவும் ஒரே கதை போதும்.

இன்னொன்று தெரியுமா? இரண்டு தொடருக்கும் பெற்றோர் ஒரே ஆட்கள்தான். ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும் சேர்ந்து கொலம்போவைப் படைத்தார்கள். பிறகு அதே இருவர் பீட்டர் ஃபிஷரோடு சேர்ந்து உங்கள் டீச்சரைப் படைத்தார்கள்.

தட்டச்சுஒலி:

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்த மழைக்கோட்டுக்காரரும் நல்லவர்தான், ஆனால் டீச்சர் மாதிரி வருமா" என்றார்!

நீங்கள் சொல்வது முதல் தடவை பார்ப்பவர்களுக்குச் சரி. நாங்கள் பார்ப்பது எத்தனையாவது தடவை என்று எங்களுக்கே தெரியாது. அம்மாவுக்குக் கொலையாளி யார் என்று முன்பே தெரியும். அந்த வகையில் எங்களுக்கு இதுவும் கொலம்போ மாதிரிதான். யார் என்ற பதற்றம் இல்லை, தன் ஊரான கபோட் கோவ் தெருவில் டீச்சர் சைக்கிளில் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பழைய தொடரை மறுபடி போடுவதே அதற்குத்தானே. நாளெல்லாம் எது எப்படி முடியுமோ என்று யோசித்துவிட்டு வந்து உட்காருகிறோம், இங்கே மட்டுமாவது முடிவு தெரிந்திருக்கட்டும். கேசரோலும் எனக்கு அப்படித்தான். கரண்டியை உள்ளே விடும்போதே என்ன வரும் என்று தெரியும்.

சாப்பிடும்போது என்ன என்று கேட்டீர்கள். ஒரு எபிசோட் ஓவனுக்கு, அடுத்த எபிசோட் தட்டுக்கு. 12 பருவம், 264 எபிசோட் இருக்கிறது. தட்டுப்பாடு வராது.

சாப்பாட்டுமேசை:

மனசில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே சாப்பிடுவதை எங்கள் வீட்டில் நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. கவனம் திரையில் இருக்கும்போது வயிறு நிறைந்ததே தெரிவதில்லை, தெரியாமலே கூடுதலாகச் சாப்பிடுகிறோம். ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. சீஸும் வெண்ணெயும் சேர்ந்த உணவில் அது இன்னும் கவலை. மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, அப்புறம் தொடர் பார்க்கலாமே? உங்கள் கணக்குப்படியே, 40 நிமிடத்தில் சாப்பாடு தயார், எபிசோட் முடிந்ததும் திரையை அணைத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

தட்டச்சுஒலி:

தவறாக நினைக்க எதுவும் இல்லை. நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் ஒருத்திக்கு என்றால் ஒத்துக்கொள்வேன்.

அம்மாவின் நிலைமை வேறு. அப்பா போன பிறகு மேசையில் உட்கார்ந்தாலே இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. எதிர் நாற்காலியைப் பார்ப்பார், எழுந்துவிடுவார். பல் எடுத்த பிறகு இன்னும் மோசம். டீச்சர் திரையில் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் கரண்டி தானாக வாய்க்குப் போகிறது. மருத்துவரும் "எடை குறைகிறது, கவனியுங்கள்" என்றுதான் சொல்கிறார். அதனால் எங்கள் வீட்டில் திரை ஓடட்டும். என் பங்கை மட்டும் முன்கூட்டியே கிண்ணத்தில் அளந்து எடுத்துக்கொள்கிறேன். அந்த யோசனை உங்களால் வந்தது, நன்றி.

சாப்பாட்டுமேசை:

இது எனக்குத் தெரியாது. மன்னியுங்கள். அம்மா சாப்பிடட்டும், எந்தத் தொடர் ஓடினாலும் சரி. சாஸில் பாலோடு இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடரும் கலந்துவிடுங்கள். கொஞ்சம் சாப்பிட்டாலும் சத்து கூடுதலாகப் போகும். என் மாமியார் படுத்திருந்தபோது செய்தது.

இலைமட்டும்:

நான் பாலும் சேர்ப்பதில்லை. இழையைப் படித்துவிட்டு நேற்று என் முறையில் செய்தேன். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், பாலுக்குப் பதில் இனிப்புச் சேர்க்காத சோயா பால், மைதா அதே அளவு. சீஸுக்குப் பதில் ஊறவைத்த முந்திரியை நைசாக அரைத்து, வேகவைத்த பரங்கிக்காய் விழுதோடு கலந்தேன். நிறமும் சீஸ் மாதிரியே வந்தது. சோயா பால் வாங்கும்போது வனிலா சேர்த்ததா என்று பார்த்துவிடுங்கள், அது சாஸைக் கெடுத்துவிடும்.

ஓவன் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடி கனமான மூடி போட்ட பாத்திரத்தில், மிகச் சிறு தீயில் 15 நிமிடம் வைத்தாலும் போதும், உள்ளே இருப்பவை எல்லாம் ஏற்கெனவே வெந்தவைதானே. மேல் மொறுமொறுப்பு மட்டும் வராது. பிரட் தூளைத் தனியாக வாணலியில் பொன்னிறமாக வறுத்துக் கடைசியில் தூவிக்கொள்ளலாம்.

மாலைநேரம்:

கதைக்கு நடுவில் எழுந்து ஓட விரும்பாதவர்களுக்கு ஒன்று. கேசரோலைக் காலையிலேயே கலந்து, மூடி, குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். பிரட் தூளை மட்டும் ஓவனில் வைக்கும்போது தூவுங்கள், முன்பே தூவினால் ஊறிப்போகும். குளிர்பெட்டியிலிருந்து வருவதால் ஓவனில் கூடுதலாக 10 முதல் 15 நிமிடம் பிடிக்கும். அப்போது உங்கள் 48 நிமிடம் கச்சிதமாக நிரம்பிவிடும்.

கண்ணாடித் தட்டு என்றால் கவனம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தபடியே சூடான ஓவனில் வைக்காதீர்கள். திடீர் வெப்ப மாற்றத்தில் கண்ணாடி வெடித்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, பொறுக்கி எடுப்பதற்கே ராத்திரி ஆகிவிட்டது. உணவு முழுக்கக் குப்பைக்குத்தான் போயிற்று. அரை மணி வெளியே வைத்திருந்து பிறகு ஓவனில் வையுங்கள், அல்லது உலோகத் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் பார்த்தால் சாஸை எல்லாம் மக்ரோனி குடித்து வறண்டிருக்கும். இரண்டு மூன்று கரண்டி பால் ஊற்றி, மூடி, சூடாக்கினால் பழையபடி இளகிவிடும்.

மழைக்கோட்டு:

உங்கள் டீச்சரைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். இந்த வேடத்துக்காக ஏஞ்சலா லான்ஸ்பரி 12 முறை அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியுமா?

தட்டச்சுஒலி:

தெரியுமாவா! எங்கள் வீட்டில் ஆறாத குறையே அதுதான். "வருஷா வருஷம் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு வெறுங்கையோடு அனுப்பினார்கள்" என்பார், ஏதோ சொந்த அக்காவுக்கு நடந்ததுபோல. 2022 அக்டோபரில் அவர் இறந்த செய்தி வந்த அன்று அம்மா பழைய எபிசோட் ஒன்றைப் போடச் சொன்னார். இன்னும் ஐந்து நாள் இருந்திருந்தால் 97 வயது நிறைந்திருக்கும். அன்று இருவரும் எதுவும் பேசாமல் பார்த்தோம்.

தட்டச்சுஒலி:

ஞாயிறு செய்துவிட்டேன். எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

மாலைநேரம் சொன்னபடி காலையிலேயே கலந்து வைத்தேன். உலோகத் தட்டு. பால் பவுடரும் போட்டேன். பிரட் தூளை அம்மாவுக்காகப் பாதித் தட்டில் மட்டும் தூவினேன், அந்தப் பக்கம் எனக்கு, இந்தப் பக்கம் அவருக்கு. முகப்பு இசை தொடங்கியதும் உள்ளே தள்ளினேன். 35-ஆவது நிமிடத்தில் சீஸ் வாசனை கூடத்துக்கு வந்துவிட்டது. அம்மா திரையை விட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். 42-ஆவது நிமிடத்தில் ஓரமெல்லாம் குமிழி வந்து, வெளியே எடுத்தேன். எபிசோட் முடிந்த பிறகும் அம்மாவுக்காக இன்னும் கொஞ்சம் ஆறவைத்து, இரண்டாவது எபிசோட் தொடங்கும்போது கிண்ணத்தைக் கையில் கொடுத்தேன்.

பிராக்கோலியை அடுத்த முறை இன்னும் பொடியாக நறுக்க வேண்டும். தண்டுப் பகுதி அம்மாவுக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது, ஒதுக்கி வைத்துவிட்டார். உப்பும் அரைச் சிட்டிகை குறைத்திருக்கலாம், சீஸிலேயே இருக்கிறது. மற்றபடி வெண்ணெய்க்கட்டி கொடுத்த அளவு அப்படியே கச்சிதம். சாஸில் ஒரு கட்டிகூட இல்லை.

டீச்சரின் நண்பர் டாக்டர் சேத் சமையலறையில் உட்கார்ந்து அவரிடம் பேசும் காட்சி வந்தபோது அம்மா கிண்ணத்தை நீட்டினார். காலி. "இன்னும் இருக்கா?" என்றார். இரண்டாவது தடவை வைத்தேன். பாதி சாப்பிட்டதும் என் பக்கம் எட்டிப் பார்த்து, அந்த மொறுமொறுப்பில் ஒரு துண்டு கேட்டார். பல் வலிக்கும் அம்மா என்றேன். ஓரத்தில் உடைத்து, சாஸில் நனைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரத்துக்கு உருளைக்கிழங்கும் கீரையும் வைத்து ஒன்று செய்யலாம் என்று பார்க்கிறேன். உறையவைத்த கீரை என்றால் எவ்வளவு பிழிய வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

காளான்குடை:

உருக விட்டு, ஒரு பழைய துணியில் கட்டி, சொட்டு நிற்கும்வரை பிழியுங்கள். முடிந்துவிட்டது என்று தோன்றும்போது இன்னொரு தடவை பிழியுங்கள், இன்னும் கால் கிண்ணம் தண்ணீர் வரும். உருளைக்கிழங்கை மெல்லிய வட்டமாக நறுக்கி முதலிலேயே வேகவைத்துவிடுங்கள், அம்மாவுக்கு நல்லது. டீச்சருக்கும் அம்மாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.